கண் திறக்காத படம்

என் வீட்டு நடு அறையில், பீரோவுக்கு மேலே, ஒரு படம் மாட்டியிருக்கிறது. ஆறு வயதுப் பெண் குழந்தை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை மூடியிருக்கிறாள். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள், "பிள்ளை தூங்குதா?" என்று சிரித்தபடி கேட்பார்கள். கொஞ்சம் கிட்டே போனதும் வலது கன்னத்தில் இருக்கும் தடம் கண்ணில் படும். தடித்த கோடு ஒன்று, மெல்லிய கோடுகள் சில, மறுபடி தடித்த கோடு. அதோடு சிரிப்பு நின்றுவிடும். வெயிலைப் பற்றியோ பஸ்ஸைப் பற்றியோ பேசத் தொடங்குவார்கள். என் மருமகள் கல்யாணமாகி வந்த புதிதில், "அத்தை, இதைக் கழட்டி உள்ள வச்சிருவமா?" என்று கேட்டாள். பயந்திருக்கிறாள், பாவம். "அது அங்கனயே இருக்கட்டும். நீ வேணா அங்கிட்டுப் படுத்துக்க" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. இப்போது அவளே வாரம் ஒரு முறை துடைத்துவைக்கிறாள்.

படத்தில் இருப்பவள் என் மூத்த மகள். அதைத் தூரிகையால் எழுதியவர் என் அண்ணன். அண்ணனைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். உட்கார்ந்தால் மகளிடம் போய் நின்றுவிடும். இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் புதுக்கோட்டையில் கீழராஜ வீதியில் படம் பிடிக்கும் ஸ்டூடியோ வைத்திருந்தார். பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மாடி அறை, கூரையில் வடக்குப் பக்கம் கண்ணாடி, அண்ணன் எழுதிய திரை ஒன்று, அதில் மாளிகைப் படிக்கட்டும் ஒரு மயிலும், அதன் முன்னால் கைவைத்த நாற்காலி. அவ்வளவுதான். உயிரோடு இருக்கும்போது படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று அந்தக் காலத்தில் எங்கள் சமஸ்தானத்து ஜனங்கள் நம்பினார்கள். அரண்மனை உத்தியோகஸ்தர்களும் வக்கீல்களும் மட்டும் துணிந்து வந்து உட்காருவார்கள். மற்றபடி எங்கள் வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் இறந்துபோனவர்கள். அவர்கள் எங்களிடம் வர முடியாது என்பதால் நாங்கள்தான் அவர்களிடம் போக வேண்டும்.

துக்க வீட்டிலிருந்து ஆள் வந்தால் என் வீட்டுக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். பிணத்தைக் குளிப்பாட்டி, நெற்றிக்கு இட்டு, மாலை போட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, பின்பக்கமாக ஒரு வேட்டியால் கட்டிவைத்திருப்பார்கள். படம் பிடித்து வந்து, கழுவி, காகிதத்தில் பிரிண்டு போட்டதும், மூடிய இமைகளின் மேல் திறந்த கண்ணை வரைய வேண்டும். சாமி சிலைக்குச் சொல்வது போலவே அதையும் கண் திறப்பது என்றுதான் சொல்வோம். கருமாதிக்குள் படம் வீட்டுக்குப் போய்விட வேண்டும். கண் திறக்காத படத்துக்கு யாரும் படையல் போடமாட்டார்கள். நம்மைப் பார்க்காத ஆளுக்கு இலை போட்டு என்ன பிரயோசனம் என்பார்கள்.

கண் திறப்பதில் அண்ணனை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. வெற்றிலை போட்டுக்கொண்டே, பேசிக்கொண்டே, ஒரு சோடிக் கண்ணை வைத்துவிடுவார். துக்க வீட்டுப் பெண்களை மாதிரிக்காகக் கூட்டிவர முடியுமா? ஆகையால் இறந்தது பெண் என்றால் என்னைச் சன்னலோரம் உட்காரவைத்துப் பார்த்து எழுதுவார். ஆண் என்றால் என் வீட்டுக்காரர். கொஞ்ச நாளில் எங்களைப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை, கையே பழகிவிட்டது. அந்த வகையில் திருமயத்திலிருந்து ஆலங்குடி வரை எத்தனையோ வீட்டுச் சுவர்களில் நாங்கள் இரண்டு பேரும் மாலை போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். கல்யாண வீடுகளுக்குப் போனால் சங்கடமாக இருக்கும். முன்னே பின்னே தெரியாத கிழவி ஒருத்தி சுவரிலிருந்து என் கண்ணால் என்னையே பார்ப்பாள்.

பிறகு அண்ணன் பர்மாவுக்குப் போனார். ரங்கூனில் ஒரு நாடகக் கம்பெனிக்குத் திரை எழுத ஆள் தேடி வந்தார்கள். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அப்போது அங்கேதான் பிழைப்பு. அவர் இல்லாத வருஷங்களில் கண் திறக்கக் கூலிக்கு ஆள் வைத்துச் சமாளித்தோம். போன இடத்திலேயே, அங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டார். ஒரு பெண் குழந்தை பிறந்தது. அண்ணியையும் அந்தக் குழந்தையையும் நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

நாடகக் கம்பெனி நொடித்தபின் ஊருக்கு வெளியே ஒரு புத்த மடத்தில் சுவர்ச் சித்திரங்களைப் புதுப்பிக்கிற வேலை கிடைத்திருக்கிறது. துறவிகளை அங்கே பொங்கி என்பார்களாம். மூத்த பொங்கி அண்ணனுக்குப் பல நாள் தூரிகையைக் கொடுக்கவே இல்லை. சுவர் முன்னால் உட்கார், மூச்சு வருவதையும் போவதையும் பார், அப்புறம் சுவரைப் பார் என்று சொல்லிவிட்டார். பிறகு எரிக்கக் கொண்டுவந்த பிணத்தின் பக்கத்தில் உட்காரவைத்தார். பார்த்ததை எழுது என்றார். அண்ணன் எழுதிக் காட்டியதும், "இது நீ தெரிந்துவைத்திருக்கிற மூக்கு. அங்கே இருக்கிற மூக்கு எங்கே?" என்று கேட்டாராம். இதைப் பிற்பாடு ஒரு நாள் அண்ணன் சொன்னபோது நான், "பிணத்து மூக்குல என்ன பேதம் கண்டாரு அந்தச் சாமியாரு?" என்று கேலி செய்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. அந்த மடத்தில் இருந்தபோது கூலிக்காகத்தான் அத்தனையும் சகித்துக்கொண்டதாகவும், போகப் போக, உட்காராமல் வரைந்த கோடுகள் தன் கண்ணுக்கே பொய்யாகத் தெரிந்ததாகவும் சொன்னார்.

யுத்தம் வந்தது. ரங்கூனில் குண்டு விழுந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள், கிடைக்காதவர்கள் காட்டு வழியாக மலையேறி நடந்து வந்தார்கள். அண்ணன் நடந்து வந்தார். வாசலில் வந்து நின்ற ஆளைப் பிச்சைக்காரர் என்று நினைத்து நான் கஞ்சி எடுத்துவரப் போனேன். "நான்தான் ஆத்தா" என்ற குரலைக் கேட்டுத்தான் திரும்பினேன். தங்கையான என்னை அவர் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் கூப்பிடுவார். பாதம் இரண்டும் தோலுரிந்து, நகம் போய், பார்க்கச் சகிக்கவில்லை. கையில் மடித்த சாக்கு ஒன்று. வேறு எதுவும் இல்லை. "அண்ணி? பிள்ளை?" என்று கேட்டேன். அண்ணி வழியில் காலராவில் போய்விட்டதாகச் சொன்னார். பிள்ளையும் போய்விட்டது என்றார். எங்கே, எப்படி என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவரும் சொல்லவில்லை.

சாக்கைத் துவைத்துக் காயப்போடலாம் என்று எடுக்கப்போனேன். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். மறுநாள் காலை பார்த்தால், கொல்லைத் தாழ்வாரத்தில் அந்தச் சாக்கை விரித்து, அதன் மேல் சம்மணம் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அதற்குப் பின் தினமும் அப்படித்தான். அக்கம்பக்கத்தில், பர்மாவில் சூனியம் கற்றுவந்திருக்கிறார் என்றார்கள். என் மகளுக்கு மட்டும் அது விளையாட்டு. மாமா பக்கத்தில் போய் அதே மாதிரி சம்மணம் போட்டு உட்காருவாள். முதுகை விறைத்துக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கண்ணை மட்டும் திறந்து, நான் பார்க்கிறேனா என்று பார்ப்பாள். நான் பார்த்துவிட்டால் உடனே மூடிக்கொள்வாள். அண்ணன் வந்த பிறகு அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதாவது தெரிந்தது என்றால் அந்த வேளையில்தான்.

உடம்பு தேறியதும் ஸ்டூடியோவில் வேலைக்கு உட்கார்ந்தார். முதலில் வந்தது ஒரு மளிகைக் கடைக்காரரின் தாயார் படம். கருமாதி நெருங்கிவிட்டது. அண்ணன் பிரிண்டை அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

"என்ன மச்சான், கண்ணு போடலையா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"இவுங்க கண்ணு எப்பிடி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது மாப்பிள்ள."

"இத்தனை வருசமாத் தெரிஞ்சா போட்டீங்க?"

"தெரியாமத்தான் போட்டேன்" என்றார் அண்ணன்.

என் வீட்டுக்காரர் கோபக்காரர் அல்ல, ஆனால் அன்றைக்குக் கத்தினார். யுத்த காலம், படம் பிடிக்கிற கண்ணாடி பிளேட்டுக்கும் காகிதத்துக்கும் நாய் படாத பாடு பட வேண்டியிருந்தது. இருக்கிற கொஞ்ச வாடிக்கையும் போனால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? கூலிக்கு ஆள் வைக்க வழியில்லாமல் கடைசியில் அந்த வேலை என் தலையில் விழுந்தது. ஏற்கனவே படங்களுக்கு வண்ணம் தீட்டிப் பழகியிருந்தேன். கண்ணாடியை முன்னால் வைத்துக்கொண்டு, என் கண்ணைப் பார்த்து நானே போட ஆரம்பித்தேன். அண்ணன் அதைத் தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. உயிரோடு இருப்பவர்களின் படங்களில் தழும்பு, சுருக்கம் தொட்டுத் திருத்துகிற டச்சிங் வேலை செய்வார். முன்பு ஒரு மணி நேரத்தில் முடிப்பதற்கு இப்போது ஒரு பகல் ஆனது. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், ஒரு கோடு வைப்பார், மறுபடி பார்த்துக்கொண்டிருப்பார். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

துக்க வீடுகளுக்கு அண்ணனும் கூடவே போக ஆரம்பித்தார். கேமரா வேலை முடிந்தபிறகும் வரமாட்டார். பிணத்தின் முகத்துக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார். பிணத்தைத் தூக்குகிற வரை அங்கேதான். சில வீடுகளில் திட்டினார்கள். சில வீடுகளில், அழுது ஓய்ந்து எல்லாரும் காப்பித்தண்ணிக்கு எழுந்துபோன பிறகும் இந்த மனிதர் ஒருவர்தான் கூட இருந்தார் என்று பின்னால் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து, பார்த்த முகத்தைப் பென்சிலால் எழுதிவைப்பார். கண் மூடியிருந்தால் மூடியபடி, வாய் கோணியிருந்தால் கோணியபடி. அந்தப் படங்களை யாரும் கேட்டு வரவில்லை. எனக்கும் அவற்றைப் பார்க்கப் பிடிக்காது. இந்த மனிதருக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அந்த வருஷம் கார்த்திகையில் கீரமங்கலத்தில் என் நாத்தனார் வீட்டில் காதுகுத்து. மகளைக் கூட்டிக்கொண்டு நான் முன்னதாகவே போயிருந்தேன். போன இடத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கஷாயம், நெற்றிப் பத்து, மந்திரித்த கயிறு எல்லாம் பார்த்தோம். இறங்கவில்லை. மழை வேறு விடாமல் பிடித்துக்கொண்டது. பேச்சு குழற ஆரம்பித்ததும் நாத்தனார் வீட்டு வண்டியில் ஆலங்குடி வரை வந்து, அங்கே புதுக்கோட்டை பஸ் ஏறினேன். பெட்ரோல் கிடைக்காத காலம், கரிப் புகையில் ஓடுகிற பஸ். மேட்டைக் கண்டால் நின்றுவிடும். ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். ஒரு ஆள் பின்னால் போய் அடுப்பைக் கிளறுவார். மகளை இடது தோளில் சாய்த்துப் போட்டு, முதுகைத் தட்டிக்கொண்டே வந்தேன். முந்தானையை அவள் கை இறுக்கிப் பிடித்திருந்தது. உடம்பு அடுப்பாகக் கொதித்தது. ஏதோ ஒரு மேட்டில் பஸ் நின்று மறுபடி கிளம்பியபோது சூடு குறைந்த மாதிரி இருந்தது. முனகலும் நின்றிருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "பிள்ளை அசந்து தூங்குது, அசைக்காதம்மா" என்றார். நான் அசைக்கவே இல்லை. ஊர் வரும் வரை அந்தத் தோளை ஆடாமல் வைத்திருந்தேன்.

தகவல் முன்னாலேயே போயிருந்ததால் பஸ் நிற்கும் இடத்தில் அண்ணன் குடையோடு நின்றார். பிள்ளையை என்னிடமிருந்து வாங்கினார். வாங்கியவர் அப்படியே ஒரு நிமிஷம் நின்றார். பிறகு குடையை மடக்கி என் கையில் கொடுத்துவிட்டு, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். "ஆஸ்பத்திரிக்கு இங்கிட்டுல்ல போகணும்ணே" என்றேன். "வீட்டுக்குப் போவோம் ஆத்தா" என்றார். எதற்கு என்று கேட்டுக்கொண்டே பின்னால் ஓடினேன். மழை கொட்டுகிறது, குடை என் கையில் மடக்கியபடி இருக்கிறது, விரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பாதி வழியில்தான் எனக்குப் புரிந்தது.

அடுத்து நடந்ததைக் கோர்வையாகச் சொல்ல என்னால் முடியாது. அழுதேன், முட்டிக்கொண்டேன், யார் யாரோ பிடித்தார்கள். ஒன்று மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அண்ணன் அழவில்லை. என் மகளின் முகத்துக்கு எதிரே, துக்க வீடுகளில் உட்காருவாரே, அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். கண் இமைக்கவில்லை. இது என்ன ஜென்மம் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவும் சொன்னேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் கேமராவைக் கொண்டுவந்தார். அவளை உயிரோடு நாங்கள் ஒரு படம்கூட எடுத்ததில்லை. ஊருக்கெல்லாம் படம் பிடிக்கிற வீடுதான். ஆனாலும் ஆயுசு குறைந்துவிடும் என்று ஊரோடு சேர்ந்து நாங்களும் பயந்தோம். பெற்ற மகளை நாற்காலியில் உட்காரவைத்து, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். வெகு நேரம் வெளியே வரவில்லை. கையில் இருந்தது ஒரே ஒரு பிளேட். அடக்கம் முடிந்து வந்து, அறையைச் சாத்திக்கொண்டு அதைக் கழுவினார். வெளியே வந்து, "அசைஞ்சிருச்சு" என்றார். பிணம் அசையாது. அவர் கை அசைந்திருக்கிறது. பிளேட்டில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் மங்கலாக ஏதோ கலைந்து கிடந்தது.

ஆக, என் மகளின் முகம் இந்த உலகத்தில் அண்ணனின் மனதைத் தவிர வேறு எங்கும் பத்திரமாக இல்லை. என் மனதில் இல்லையா என்றால், பெற்றவள் மனதில் என்ன இருக்கும்? அவள் சிரித்தது, அடம்பிடித்தது, ஒற்றைக் கண்ணைத் திறந்தது எல்லாம் கலந்து கிடந்தது. இன்ன முகம் என்று எடுத்துவைக்க முடியவில்லை. அண்ணன் ஸ்டூடியோ மாடியில் காகிதத்தை விரித்து உட்கார்ந்தார். விடியும்போது சாக்கில் உட்காருவார். எழுந்ததும் நேராகப் படத்திடம் போவார். மார்கழி முழுக்க அது நடந்தது.

எங்கள் பக்கத்தில் வயதுக்கு வராமல் இறந்துபோன பெண் பிள்ளையைக் கன்னி என்று சொல்லி வீட்டுச் சாமியாக வைத்துக் கும்பிடுவோம். தை பிறந்ததும் புதுப் பாவாடையும் வளையலும் ரிப்பனும் வைத்துப் படைக்க வேண்டும். துணி கிடைக்காத நாளிலும் அலைந்து சிவப்புப் பாவாடை ஒன்று வாங்கிவைத்திருந்தேன். அவள் அதைப் பார்க்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அண்ணனிடம் போய், "எல்லாருக்கும் மாட்டேன்னீங்க, சரி. எம் மகளுக்காவது கண்ணத் தொறந்துவிடுங்கண்ணே. அவ கண்ணு உங்களுக்குத் தெரியும்ல" என்றேன்.

"தெரியும்" என்றார். "ரெண்டு காகிதத்துல தொறந்து பாத்தேன். ரெண்டுலயும் ஒன் கண்ணுதான் வந்துச்சு. பழகுன கை, அது பாட்டுக்குப் போகுது. மூடியிருந்தத மட்டுந்தான் நான் ஒழுங்காப் பாத்திருக்கேன்."

படத்தைத் திருப்பிக் காட்டினார். என் மகள்தான். நெற்றியில் சுருண்ட முடி, காய்ச்சலில் வெடித்த உதடு, மந்திரித்த கயிறு. கண் மூடியிருந்தது. வலது கன்னத்தில் அந்தத் தடம் இருந்தது. அவள் போன அன்றைக்கு அதை நான் கவனிக்கவே இல்லை. அது என்ன என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. என் தோளில் அழுந்தியிருந்த முந்தானைக் கரையின் பதிவு. செத்த பிள்ளையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தேன் என்பதை என் அண்ணன் எழுதி, வண்ணமும் தீட்டிவைத்திருந்தார்.

"இத எடுங்க" என்றேன். "கண்ணு வேணாம், போகட்டும். இத எடுத்துருங்க. பெத்தவ மொகத்துல கரியப் பூசுறீங்களா?"

அண்ணன், ஊர் திரும்பிய நாளிலிருந்து சொல்லாததைச் சொன்னார். குரலை ஏற்றாமல், ஒரே சீராக.

"மொழங்காலு வரைக்கும் சேறு ஆத்தா. வழியெல்லாம் ஆளுங்க செத்துக் கெடந்தாங்க. பொங்கி சொல்லிக்குடுத்தது ஒண்ணுதான் தெரிஞ்சது. காலத் தூக்குறேன், காலு போவுது, காலு மண்ணுல படுது. அத மட்டும் பாத்துக்கிட்டே நடந்தேன். வேற நெனப்பு வந்தா அங்கனயே உக்காந்திருப்பேன். உக்காந்தவங்க யாரும் எந்திரிக்கல. அப்பிடிப் பாத்ததாலதான் உசுரோட வந்தேன். பிள்ளைய அந்தச் சாக்குல கட்டி முதுகுல போட்டிருந்தேன். காலுல அட்டை ஏறுனது தெரிஞ்சுச்சு, முள்ளு குத்துனது தெரிஞ்சுச்சு. பிள்ளை உசுரு எப்பப் போச்சுன்னு தெரியல. எறக்கிவச்சுப் பாத்தா, கன்னத்துல சாக்குத் தடம். பிள்ளைங்க தூங்கி எந்திரிச்சா பாய்த் தடம் இருக்கும்ல, கொஞ்ச நேரத்துல போயிரும்ல? அது மாதிரி போயிரும்னு உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். போகல. கூட வந்தவங்க இழுத்துட்டு வந்துட்டாங்க."

நான் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"என் பிள்ளைய எழுதணும்னு இந்தக் கையில எத்தனையோ தடவ பென்சில எடுத்திருக்கேன்" என்றார். "மொகம் வரல. தடந்தான் வருது. நடக்கையில ஒரு தடவ திரும்பிப் பாத்திருந்தா வந்திருக்கும்."

"நான் எங்கேர்ந்து அப்பிடி உசுரில்லாமத் தூக்கிட்டு வந்தேண்ணே? எம் மக எந்த எடத்துல போனா?" என்று கேட்டேன்.

"தெரியாது ஆத்தா. ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றார்.

வேண்டாமென்றால் தடத்தை எடுத்துவிடுவதாகவும், கண்ணை நானே போட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டுக் கீழே போனார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை வெளிச்சம் நன்றாக வந்ததும் கண்ணாடியையும் மையையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். எத்தனை பேருக்குப் போட்ட கண், என் மகளுக்குப் போடக் கூடாதா என்ற வீம்பு. தூரிகையை நனைத்தேன். எங்கே தொடங்குவது என்று இமையைப் பார்த்தேன். அப்போதுதான் அவளை முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அன்றைக்கு அழுகையில் நான் பார்க்காதது எல்லாம் அந்தக் காகிதத்தில் இருந்தது. இடது இமை ஓரத்தில் ஒரு சின்ன மடிப்பு. மேலுதட்டில் உலர்ந்த கஷாயத்தின் கறை. அதையும் விடாமல் எழுதியிருந்தார். அன்று கட்டியிருந்த கண்டாங்கிச் சேலை கொடியில் கிடந்தது. எடுத்துவந்து அதன் கரையைப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தடித்த கோடு, மெல்லிய கோடுகள், தடித்த கோடு. ஒரு இழை பிசகவில்லை. தூரிகையில் மை காய்ந்துவிட்டது. கண்ணாடியைக் கவிழ்த்துவைத்துவிட்டு அழுதேன். அடக்கத்தன்று அழுதது வேறு, இது வேறு.

படையல் அன்று என் மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. "பாக்காத பிள்ளைக்கு எதுக்கு எலை?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் படத்தை எடுத்து மணைமேல் வைத்தார். நான் பாவாடையை மடித்து வைத்தேன். அவள் அதைப் பார்க்கவில்லை. பார்ப்பாள் என்று நினைத்து ஏமாற்றிக்கொள்ளவும் அந்தப் படம் இடம் கொடுக்கவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது. இன்றைக்கும் தை பிறந்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

மற்றவர்களுக்கு நான் தொடர்ந்து கண் போட்டேன். அதை மறைக்க வேண்டியதில்லை, பிழைப்பு நடக்க வேண்டுமே. அண்ணன் அதற்குப் பிறகு வெகு காலம் இருக்கவில்லை. காட்டு வழியில் பிடித்த இருமல் விடவே இல்லை. சமஸ்தானம் போய்ப் புதுக்கோட்டை இந்தியாவோடு சேர்ந்த சமயத்தில் படுக்கையில் விழுந்தார். கடைசி நாட்களில், உட்காரத் தெம்பு இல்லாமல் சுவரில் சாய்ந்தபடி, நடு அறையில் இருந்த என் மகளின் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பார்த்தது எந்தப் பிள்ளையை என்று நான் கேட்கவில்லை. படம் பிடிக்க வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். அவர் உயிர் போன அன்று என் வீட்டுக்காரர் கேமராவை வெளியே எடுக்கவில்லை. நான் எதிரே உட்கார்ந்து, தூக்கும் வரை அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாக்கை அவருக்கு அடியில் விரித்து அனுப்பினோம்.

இப்போது எனக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகிவிட்டது. தடித்த கண்ணாடி போட்டும் பாதிதான் தெரிகிறது. ஊருக்குள் பழைய வீடுகளில் இன்னும் என் இளவயதுக் கண்கள் யார் யார் முகத்திலிருந்தோ பளிச்சென்று பார்த்துக்கொண்டிருக்கும். என் மகள் முகத்தில் அவை இல்லை. காலையில் பீரோவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்காருகிறேன். முகம் புகையாகத்தான் தெரிகிறது, கன்னத்துத் தடம் மட்டும் தெரிகிறது. அந்தக் கண்டாங்கிச் சேலையை அதற்குப் பிறகு நான் கட்டவில்லை. பெட்டியில் கிடந்தது பூச்சி அரித்து, மடிப்போடு கிழிந்து, கடைசியில் கரித்துணியாகப் போய்விட்டது. அதன் கரை அவள் கன்னத்தில் இருக்கிறது.